படைவீரர் வீட்டுக் கேள்விகள்: குடி, போதைச் சோதனை, குடும்பத்துக்கான உதவி

அமெரிக்க ராணுவத்தில் இருக்கும் தமிழர்களின் குடும்பத்தாரிடமிருந்து வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். போதை மீட்பு ஆலோசனையிலும் ராணுவக் குடும்பநலப் பணியிலும் உள்ளவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

என் கணவர் சார்ஜென்ட். வெளிநாட்டுப் பணி முடிந்து வந்ததிலிருந்து தினமும் குடிக்காமல் தூங்குவதில்லை. சிகிச்சைக்குப் போகலாம் என்றால், "கமாண்டருக்குத் தெரிஞ்சா என் வேலையே போச்சு" என்கிறார். அது உண்மையா?
- பெயர் வேண்டாம், கில்லீன், டெக்சஸ்

2019 மார்ச் வரை அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. அதுவரை குடிக்காக உதவி கேட்டாலே கட்டாயச் சிகிச்சையில் பெயர் ஏறிவிடும், கமாண்டருக்குத் தகவல் போய்விடும், வெளிநாட்டுப் பணிக்கும் அனுப்ப மாட்டார்கள். இதன் விளைவை ஒரு கணக்கு காட்டுகிறது. ஈராக்கிலிருந்து திரும்பியவர்களைப் பற்றி 2007-ல் வெளியான ஆய்வில், முழுநேர வீரர்களில் 11.8 சதவீதம் பேர் தங்களுக்குக் குடிப் பிரச்சினை இருப்பதாகத் தாங்களே படிவத்தில் குறித்திருந்தார்கள். ஆனால் மதுச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்கள் 0.2 சதவீதம்தான்.

2019-ல் வந்த ராணுவ ஆணை 2019-12 இதை மாற்றியது. வீரர் தானாகவே மனநலப் பிரிவுக்குப் போய், "குடி விஷயமாக நானாக விரும்பி வந்திருக்கிறேன்" என்று சொன்னால், கட்டாயத் திட்டத்தில் சேர்க்காமலே சிகிச்சை பெறலாம். கமாண்டருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பணிக்கு அனுப்புவதற்கும் அது தடையாகாது. விலக்குகள் உண்டு: தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடிய நிலை, பணிக்கே பாதிப்பு, மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர வேண்டிய அவசியம், அல்லது விருப்பச் சிகிச்சை போதாது என்று மருத்துவர் முடிவு செய்வது. இவற்றில் ஏதாவது இருந்தால் தகவல் மேலே போகும்.

ஆனால் இந்த வாசல் திறந்திருப்பது சம்பவம் நடக்கும்வரைதான். குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டால், ஜெனரல் நிலை அதிகாரியின் கண்டனக் கடிதம், முகாமுக்குள் வண்டி ஓட்டும் உரிமை ரத்து, கட்டாயப் பரிந்துரை எல்லாம் வரிசையாக வரும். ஆகவே "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்பதுதான் அவருடைய வேலைக்கு உண்மையான ஆபத்து. இதை அவரிடம் அப்படியே சொல்லலாம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பொறுக்க முடியாமல் ஒருநாள் நீங்களே கமாண்டருக்குப் போன் செய்துவிட்டால், அடுத்து வருவது கமாண்டர் வழிப் பரிந்துரையாக இருக்கும். விருப்பச் சிகிச்சை என்ற வழி அடைபட்டுவிடலாம். உயிருக்கு ஆபத்து இல்லாத வரையில் முதலில் சாப்ளினிடம் (படைப்பிரிவின் மதகுருவிடம்) பேசுங்கள். எந்த மதத்தவரானாலும் பேசலாம். அவரிடம் சொன்னது அவரோடு நிற்கும். படைப்பிரிவுகளில் பணிபுரியும் ராணுவக் குடும்ப ஆலோசகர்கள் குறிப்பேடே வைத்துக்கொள்வதில்லை. ஆனால் குழந்தைக்குக் கொடுமை, வீட்டு வன்முறை என்று தெரிந்தால் தெரிவிக்கும் கடமை அவர்களுக்கு உண்டு. வீரர்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஆலோசனை தரும் மிலிட்டரி ஒன்சோர்ஸ் சேவையின் எண் 800-342-9647, 24 மணி நேரமும் இயங்கும். ஒரு பிரச்சினைக்கு ஒருவருக்கு 12 அமர்வு வரை இலவசம். அது குடிநோய்க்கான சிகிச்சை அல்ல. உங்கள் மனபாரம், குடும்பப் பூசல், பணச் சிக்கல் ஆகியவற்றுக்கானது.

போதைப்பொருள் என்றால் விதி வேறு. தானாக முன்வந்து சொன்னதை வைத்து ராணுவ நீதிமன்றத்துக்கு இழுக்கவோ, பணிநீக்கத்தின் தரத்தை (நன்மதிப்போடு விலகியவரா இல்லையா என்ற குறிப்பை) குறைக்கவோ கூடாது என்று ராணுவ விதி 600-85 பாதுகாப்பு தருகிறது. ஆனால் கமாண்டருக்குத் தெரியவரும். சிறுநீர்ச் சோதனைக்குக் கூப்பிட்ட பிறகு போய்ச் சொன்னால் அந்தப் பாதுகாப்பும் கிடையாது. விற்றவருக்கும் கிடையாது.

மருமகனிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்றே என் மகளுக்குத் தெரியவில்லை. எடுத்தாலே சண்டை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார வைத்துப் பேசலாமா?
- ஒரு தாய், டகோமா, வாஷிங்டன்

வேண்டாம். குடும்பமே சூழ்ந்து உட்கார்ந்து கேள்வி கேட்கும் முறையில் பாதி வழியிலேயே பெரும்பாலோர் பின்வாங்கிவிடுகிறார்கள். 1999-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், அந்த முறையில் சிகிச்சைக்கு வந்தவர்கள் 30 சதவீதம். கிராஃப்ட் என்ற பயிற்சியைக் குடும்பத்தாருக்குக் கொடுத்தபோது வந்தவர்கள் 64 சதவீதம். இந்தப் பயிற்சி குடிப்பவருக்கு அல்ல, கூட வாழ்பவருக்கு.

உங்கள் மகள் முதல் இரண்டு வாரம் எதுவும் சொல்லாமல் கவனிக்கட்டும். எந்த நாளில், எத்தனை மணிக்கு, என்ன நடந்த பிறகு குடிக்கிறார். குடிக்காத நாளில் என்ன வேறாக இருந்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். குடிக்காத நாளே பேச்சுக்கும் ஆதாயத்துக்கும் உரிய நாள். அன்று அவருக்குப் பிடித்ததைச் சமைப்பது, சேர்ந்து வெளியே போவது, "இன்னிக்கு நீங்க பிள்ளைகளோட விளையாடினது எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தது தெரியுமா" என்று சொல்வது. குடித்துவிட்டு வந்த இரவில் சத்தமும் வேண்டாம், சமாதானமும் வேண்டாம். அவள் பிள்ளைகளோடு வேறு அறைக்குப் போய்விடட்டும்.

அடுத்தது எல்லோரும் தவறுகிற இடம். அவருக்காக "காய்ச்சல்" என்று போன் செய்வது, வாந்தியைத் துடைப்பது, கடனை அடைப்பது. இவையெல்லாம் குடிக்கு வரும் விளைவை அவர் கண்ணில் படாமல் மறைத்துவிடுகின்றன. நிறுத்த வேண்டும். அதேசமயம் அவர் பாதுகாப்பைப் பணயம் வைக்கக் கூடாது. கார்ச் சாவியை எடுத்து வைப்பது மறைப்பதல்ல.

சிகிச்சைப் பேச்சுக்கு நேரம் பார்க்க வேண்டும். அவரே வருத்தப்படும் ஒரு காலை வாய்க்கும். அன்று இரண்டு மூன்று வாக்கியம் போதும்: "நேத்து ராத்திரி நான் பயந்துட்டேன். உங்களுக்கு உதவி பண்ணணும்னு நினைக்கிறேன். வியாழக்கிழமை ஒரு அப்பாயின்ட்மென்ட் இருக்கு, கூட வர்றேன்." அந்த அப்பாயின்ட்மென்டை முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்க வேண்டும். மனம் இளகி ஒரு வாரம் கழித்துத் தேதி கிடைத்தால் அந்த மனமே மாறிவிடும். அடித்த சரித்திரம் உள்ளவரிடம் இந்த முறையைத் தனியாகச் செய்யக் கூடாது. கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

என் தம்பி ஒரு பாட்டிலை ஒரே நாளில் காலி செய்கிறான். நாளையிலிருந்து சுத்தமாக நிறுத்திவிடுகிறேன் என்கிறான். நல்லதுதானே?
- ஒரு வாசகர், கொலம்பஸ், ஜார்ஜியா

நல்லது. ஆனால் வீட்டில் தனியாக நிறுத்த விடாதீர்கள். குடியைக் கணக்கிடும் ஒரு அளவு என்பது 14 கிராம் தூய ஆல்கஹால்: 5 சதவீத பீரில் 355 மில்லி, 40 சதவீத விஸ்கியில் 44 மில்லி. 750 மில்லி விஸ்கி பாட்டிலில் 17 அளவு இருக்கிறது. இவ்வளவுக்குப் பழகிய மூளையில் மதுவின் அமுக்கம் சட்டென விலகினால், நரம்புகள் கட்டுக்கடங்காமல் எழும்பும். கடைசிக் குவளைக்குப் பின் 6 மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, படபடப்பு; 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம்; 48-லிருந்து 96 மணி நேரத்துக்குள் குழப்பம், இல்லாததைப் பார்த்தல், கடும் காய்ச்சல். இந்தக் கடைசிக் கட்டம் உயிரைப் பறிக்கும்.

அதனால் முதலில் மருத்துவர். படிப்படியாகக் குறைக்கும் மாத்திரை, தயமின் (வைட்டமின் பி1) ஆகியவற்றோடு சில நாள் கண்காணிப்பில் நிறுத்திவிடுவார்கள். முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வலிப்போ குழப்பமோ கண்டால் 911. நிறுத்திய பிறகு ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரையைத் தினம் 50 மில்லிகிராம் தருவதுண்டு. ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரை எடுப்பவருக்கு அது கூடாது.

மகன் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். சிறுநீர்ச் சோதனையில் தவறுதலாக மாட்டிக்கொள்வோமோ என்று பயப்படுகிறான். எப்படி நடக்கும்?
- ஒரு தந்தை, நியூ ஜெர்சி

பெயர்களைக் கணினி குலுக்கல் முறையில் எடுக்கும். படைப்பிரிவின் தடுப்புப் பொறுப்பாளர் அடையாள அட்டையைப் பார்த்து, பாட்டிலில் லேபிள் ஒட்டுவார். உங்கள் மகன் செய்ய வேண்டிய ஒரே முக்கிய வேலை இங்கேதான்: லேபிளில் இருப்பது தன் அடையாள எண்தானா என்று இலக்கம் இலக்கமாகப் பார்த்த பிறகே கையெழுத்தின் முதலெழுத்தைப் போட வேண்டும். அவசரத்தில் பார்க்காமல் போட்டால் பிறகு வாதாட முடியாது. பிறகு அதே பாலினத்தைச் சேர்ந்த பார்வையாளர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்க, குறைந்தது 30 மில்லி. மூடி மேல் முத்திரை நாடா ஒட்டும்வரை பாட்டில் அவன் கண்ணை விட்டு அகலக் கூடாது.

ராணுவத்தின் ஆய்வகங்கள் மேரிலாந்தில் ஃபோர்ட் மீடிலும் ஹவாயில் டிரிப்ளரிலும் உள்ளன. ஒரு மாதிரி பாசிட்டிவ் என்று எழுதப்படும் முன், முதல் சோதனை, மறுசோதனை, பிறகு பொருளைத் துல்லியமாக அடையாளம் காணும் நிறை நிறமாலைமானிக் கருவியில் உறுதிச் சோதனை என மூன்றையும் தாண்ட வேண்டும். கஞ்சாவுக்கு முதல் வரம்பு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம், உறுதி வரம்பு 15. பக்கத்தில் யாரோ புகைத்த புகையால் பொதுவாக அந்த அளவு வராது. மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி கிடைத்தாலும் ராணுவத்தில் குற்றம்தான். ஹெம்ப் என்ற கஞ்சாச் செடி வகையின் விதை எண்ணெய், அதே செடியிலிருந்து எடுக்கும் சி.பி.டி. சேர்த்த களிம்பு, மிட்டாய் எதுவும் கூடாது.

மாப்பிள்ளைக்குப் பொடி, மருந்தெல்லாம் அனுப்புகிறேன். கசகசா கூடாது என்கிறாள் மகள். அதிலென்ன?
- ஒரு மாமியார், கோயம்புத்தூர்

மகள் சொல்வது சரி. கசகசா விதையின் மேல் ஒட்டியிருக்கும் பாலில் மார்ஃபினும் கொடீனும் இருக்கும். சில ரகத்தில் அளவு மிக அதிகம். 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே வீரர்கள் கசகசாவைத் தவிர்க்கும்படி எச்சரித்தது. அலசி அரைத்தால் குறையும், ஆனால் எவ்வளவு குறைந்தது என்று சமையலறையில் தெரியாது. குருமாப் பொடியில் முந்திரியோ தேங்காயோ போதும்.

கசகசாவைவிட மருந்துகள் பற்றியே எங்களுக்குக் கவலை. கொடீன் கலந்த இருமல் டானிக், பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் அல்ப்ரசோலம் போன்ற மாத்திரை, கஞ்சா இலை சேர்த்த சில லேகியங்கள்: எதையும் அனுப்பாதீர்கள். அவர் பெயரில் மருத்துவர் எழுதிய சீட்டு இல்லாத கட்டுப்பாட்டு மருந்து, நல்ல எண்ணத்தில் அம்மா அனுப்பியதானாலும், பாசிட்டிவ்தான்.

இந்தச் சோதனையெல்லாம் எப்போது தொடங்கியது?
- ஒரு கல்லூரி மாணவர்

வியட்நாமில். 1971 மே மாதத்தில் இரண்டு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள், அங்குள்ள வீரர்களில் 10 முதல் 15 சதவீதம் பேர் ஹெராயின் எடுப்பதாக அறிக்கை தந்தார்கள். ஜூன் மாதமே நாடு திரும்பும் முன் சிறுநீர்ச் சோதனை வந்தது; பாசிட்டிவ் ஆனவர் நச்சு நீக்கம் முடித்த பிறகே விமானம் ஏற முடியும். அவ்வாறு திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் பின்தொடர்ந்து ஆராய்ந்தபோது, அங்கே அடிமையாகியிருந்தவர்களில் சுமார் 5 சதவீதம் பேரே முதல் ஆண்டில் மீண்டும் அடிமையாகியிருந்தார்கள். சூழல் மாறினால் பழக்கமும் விடுபடலாம் என்பதற்கு இன்றும் இதைத்தான் காட்டுகிறார்கள். 1981 மே மாதம் நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் விமானம் மோதி 14 பேர் இறந்தார்கள்; இறந்த சிலரின் உடலில் கஞ்சாவின் தடயம் தெரிந்த பிறகு சோதனை கடுமையானது. முந்தைய 30 நாளில் போதைப்பொருள் எடுத்ததாகச் சொன்னவர்கள் 1980-ல் 27.6 சதவீதம், 1998-ல் 2.7 சதவீதம். குடியில் அப்படியொரு வீழ்ச்சி வரவில்லை.

குடித்தால் அடிக்கிறார். நான் கிரீன் கார்டுக்கு அவரைச் சார்ந்திருக்கிறேன். சொன்னால் அவர் வேலையும் போகும், நானும் நடுத்தெருவில் நிற்பேன். என்ன செய்வது?
- பெயரும் ஊரும் வேண்டாம்

அம்மா, உடனடி ஆபத்து என்றால் 911, மற்ற யோசனை பிறகு. அவசரம் இல்லாத நேரத்தில் முகாமிலுள்ள குடும்பப் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டியைச் சந்தியுங்கள். முதல் வார்த்தையாக "கட்டுப்படுத்திய புகார்" (restricted report) வேண்டும் என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் கமாண்டருக்கும் காவலுக்கும் போகாமல் ஆலோசனை, மருத்துவம், பாதுகாப்புத் திட்டம் கிடைக்கும். அக்கம்பக்கத்தார் போலீஸைக் கூப்பிட்டுவிட்டாலோ, குழந்தைமேல் கை வைத்திருந்தாலோ இந்த ரகசியம் நிற்காது. சில மாநிலங்களில் மருத்துவமனை காயத்தைப் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். காட்டும் முன் வழிகாட்டியிடம் கேளுங்கள்.

குடியேற்ற விஷயத்தில், அமெரிக்கக் குடிமகனோ நிரந்தரவாசியோ ஆன கணவர் கொடுமைப்படுத்தினால், கிரீன் கார்டுக்கான வழியாக, அவர் உதவியின்றி நீங்களே ஐ-360 படிவத்தில் விண்ணப்பிக்கலாம். அதை அவருக்குத் தெரிவிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. இரண்டாண்டு நிபந்தனை கிரீன் கார்டில் இருப்பவர், அந்த நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 படிவத்தைக் கணவர் கையெழுத்தின்றிப் போடலாம். முகாமின் சட்ட உதவி அலுவலகம் இலவசம்.

பணத்துக்கு இரண்டு விதி. பிரிந்திருக்கும்போது, நீதிமன்ற உத்தரவு இல்லாவிட்டாலும், வீட்டுப் படியை அடிப்படையாகக் கொண்ட ஒரு தொகையை அவர் தர வேண்டும் என்கிறது ராணுவ விதி 608-99. குடும்பத்தாரைத் தாக்கிய குற்றத்துக்காக அவர் நீக்கப்பட்டால், 12 முதல் 36 மாதம் வரை உங்களுக்கு இடைக்கால ஈட்டுத்தொகை உண்டு; மருத்துவக் காப்பீடும் தொடரும். மறுமணம் செய்தாலோ அவரோடு மீண்டும் வாழ்ந்தாலோ அது நிற்கும். இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்: நீக்க ஆவணத்தில் "சிகிச்சையில் தோல்வி" என்று மட்டும் எழுதிவிட்டால் இந்தத் தொகைக்கான அடிப்படையே விழுந்துவிடும். ஆகவே நீக்க நடவடிக்கை தொடங்கியதும், ஆணை வெளிவரும் முன்பே, சட்ட உதவி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். திருமணச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்று, அவருடைய சம்பளச் சீட்டு, உங்கள் பாஸ்போர்ட், சம்பவத் தேதிகள் எழுதிய தாள் ஆகியவற்றின் நகலை வீட்டுக்கு வெளியே, நம்பும் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.