கேள்வி - பதில்: நடிக்க ஆசைப்படும் பள்ளிப் பிள்ளைகளுக்கு

ஆண்டு விழா நேரம் என்பதாலோ என்னவோ, இந்த முறை வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை பக்கமிருந்து வந்த கடிதங்களில் நாடகம் பற்றிய கேள்விகள்தான் அதிகம். அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

என் பையன் எட்டாவது படிக்கிறான். பள்ளி நாடகத்தில் நடித்ததிலிருந்து நடிப்பு கற்றுக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். மார்க் குறைந்துவிடும் என்று அவன் அப்பா பயப்படுகிறார். இந்த வயதில் சேர்க்கலாமா? அதற்குச் சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டுமா? (ஒரு தாய், குடியாத்தம்)

தாராளமாகச் சேர்க்கலாம்மா. ஆனால் எதில் சேர்க்கிறோம் என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். இந்த வயதுப் பிள்ளைக்கு நல்ல வகுப்பு என்றால் அங்கே முதல் நாளே வசனத்தாளை நீட்ட மாட்டார்கள், விளையாட்டில்தான் தொடங்குவார்கள். ஒருவன் செய்யும் அசைவை எதிரே நிற்பவன் அப்படியே செய்ய வேண்டும், "சாப்பிட்டியா" என்ற ஒரே வார்த்தையைக் கோபமாக, பாசமாக, பொய்யை மறைப்பவன் மாதிரி என்று மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும், ஒரு துண்டைக் கையில் வாங்கி அதைக் குழந்தையாகவும் பாம்பாகவும் வலையாகவும் ஆக்கிக் காட்ட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு இது என்ன விளையாட்டு என்று தோன்றும். பிள்ளை அங்கே கற்பது எதிரே இருப்பவரைக் கவனிக்க, அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க. நடிப்பில் பாதிக்கு மேல் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். கேட்கத் தெரிந்த பிள்ளை வகுப்பிலும் கேட்கும், அதனால் அவன் அப்பா பயப்பட வேண்டாம்.

வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு மணி நேரம் என்றால் படிப்பு கெடாது. கெடுப்பது எது தெரியுமா? வருஷம் முழுக்க ஒன்றும் இல்லாமல், விழாவுக்கு முந்தைய இரண்டு வாரம் பாடத்தை எல்லாம் நிறுத்திவிட்டு வெயிலில் ஒத்திகை நடத்துகிறார்களே, அது. அதில் பிள்ளை சோர்ந்துபோவான், நடிப்பும் வராது.

இப்போதைக்குச் சென்னை வேண்டாம். கலை பண்பாட்டுத் துறை மாவட்டங்களில் நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 வயது முதல் 16 வயது வரை சேர்க்கிறார்கள், கட்டணமும் குறைவு. அங்கே நாடகம் இல்லையென்றாலும் பாட்டோ சிலம்பமோ கற்கட்டும், இரண்டும் நடிகனுக்கு வேண்டியவைதான். மத்திய அரசின் பண்பாட்டு வள, பயிற்சி மையமான சி.சி.ஆர்.டி. நிறுவனம் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து கலை கற்க உதவித்தொகை தருகிறது, அதில் பாரம்பரிய நாடகக் கலைகளும் உண்டு. எட்டாவது என்றால் இன்னும் வயது தாண்டியிருக்காது, பள்ளியில் விசாரியுங்கள்.

இன்னொன்று, பையனுக்கு மகரக்கட்டு உடைகிற வயது இது. அந்தச் சமயத்தில் அடித்தொண்டையில் கத்தி வில்லன் குரல் பேசச் சொன்னால் தொண்டை புண்ணாகும். சிறுவர்களை வைத்தே நாடகம் போட்ட பழைய பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்த்ரீபார்ட், அதாவது பெண் வேஷம், போட்ட பையன்களுக்குக் குரல் உடைந்ததும் வேஷமே போய்விடும், சின்ன வயதில் அது பெரிய துக்கம். உங்கள் பையனுக்கு அந்தக் கவலை இல்லை. குரல் நிலைக்கும் வரை மெதுவாகப் பேசும் பாத்திரம் கொடுக்கச் சொல்லி ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

ஒன்பதாவது படிக்கிறேன். வீட்டில் நன்றாகச் சொல்லும் வசனம் மேடை ஏறினால் மறந்துவிடுகிறது. குரலும் கம்மிப் போகிறது. நான் நடிப்புக்கு லாயக்கில்லையா? (மாணவி, காட்பாடி)

லாயக்கில்லை என்ற பேச்சே வேண்டாம். நீ வசனத்தை மனப்பாடம் செய்யும் முறை தவறு, அவ்வளவுதான். உன் வரிகளை மட்டும் தனியாக உட்கார்ந்து உருப்போடுகிறாய். மேடையில் எதிரே நிற்பவள் பேசி முடித்ததும் "அடுத்தது என்ன" என்று மனசு தாளைத் தேடுகிறது, அங்கே தாள் இல்லை. அதனால் எதிராளியின் வசனத்தை முதலில் படி. அவள் என்ன சொன்னதால் நான் இதைச் சொல்கிறேன், இதைச் சொல்லி அவளிடமிருந்து எனக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொரு வரிக்கும் யோசி. அப்புறம் நடந்துகொண்டே சொல்லிப் பார். எந்த வரியில் எழுந்தாய், எந்த வரியில் திரும்பினாய் என்பது உடம்புக்குத் தெரிந்துவிட்டால் நாக்கு தானாகப் பின்னால் வரும். ஒத்திகையில் உன் தோழியை வசனத்தை மாற்றிச் சொல்லச் சொல், நீயும் அதற்குத் தக்கபடி பதில் சொல். அதற்குப் பிறகு ஒரு வரி தவறினாலும் பயம் வராது.

குரல் கம்முவதற்குக் காரணம் மூச்சு. பயத்தில் மூச்சு நெஞ்சின் மேலேயே நின்றுவிடும், தோள் மேலே ஏறும், தொண்டை இறுகும். தரையில் மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் ஒரு நோட்டுப் புத்தகத்தை வை. மூச்சு இழுக்கும்போது நோட்டு எழும்ப வேண்டும், விடும்போது இறங்க வேண்டும். மெதுவாக விட்டபடியே "ம்ம்ம்" என்று முனகு, பிறகு அதே மூச்சில் வசனத்தைச் சொல். தினமும் காலையில் கொஞ்ச நேரம் போதும். மேடையில் சத்தமாகப் பேச வேண்டும் என்று நினைக்காதே, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள். இரண்டும் ஒன்றில்லை என்பது செய்து பார்த்தால் உனக்கே தெரியும்.

அரசுப் பள்ளி ஆசிரியை நான். கலைத் திருவிழாவுக்கு நாடகம் போட வேண்டும். பெண் கல்வி, மரம் வளர்ப்போம் என்று எல்லாப் பள்ளியும் போடுவதையே நாங்களும் போடுகிறோம். வேறு என்ன செய்யலாம்? (பேரணாம்பட்டு)

டீச்சர், 2022-ல் கலைத் திருவிழா தொடங்கியதிலிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி அளவிலிருந்து மாநிலம் வரை போக ஒரு வழி கிடைத்திருக்கிறது. மாநில அளவில் வென்றால் கலையரசன், கலையரசி என்று பட்டமும் தருகிறார்கள். அந்த வாய்ப்பை அறிவுரை சொல்லியே தீர்த்துவிடக் கூடாது. நாடகத்துக்குத் தேவை ஒரு சிக்கல், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற சிக்கல்.

வேலூர்க் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பாய்ப் புரட்சி நடந்த 1806 ஜூலை 10 என்றதும் பிள்ளைகள் கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், அதை விடுங்கள். அதற்கு முன்னால் நடந்ததுதான் நாடகம். ஆங்கிலேய அதிகாரிகளிடமிருந்து சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை வருகிறது, அதில் தோல் இருக்கிறது. நெற்றியில் சின்னம் கூடாது, தாடி வைக்கக் கூடாது என்கிறார்கள். மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. இப்போது ஒரு அறையில் நாலைந்து சிப்பாய்கள், நடுவில் அந்தத் தலைப்பாகை. ஒருவனுக்குச் சம்பளம் போனால் வீடு பட்டினி, அதனால் போட்டுக்கொள்ளலாம் என்கிறான். ஒருவன் செத்தாலும் தொட மாட்டேன் என்கிறான். இன்னொருவன் இன்னும் முடிவெடுக்கவில்லை. யார் கை முதலில் அதன் பக்கம் நீள்கிறது என்று பார்க்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். வசனத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். நிலைமையைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளையே பேசவிட்டு, நன்றாக வந்ததை ஒரு பிள்ளையைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வேஷம் கிடைக்காத பிள்ளைகளைப் பின்பாட்டுக்கு வையுங்கள். கூத்தில் பாடுகிறவரின் அடியைப் பின்னால் நிற்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள் இல்லையா, அதே முறைதான். ஒரு பிள்ளையும் சும்மா நிற்காது.

பன்னிரண்டாவது படிக்கிறேன். எங்கள் பக்கம் பாரதம் நடந்தால் விடிய விடிய கூத்து பார்ப்பேன். வாத்தியாரிடம் சேர்ந்து கற்க ஆசை. வீட்டில் "கூத்தாடியா ஆகப் போறியா" என்று திட்டுகிறார்கள். (மாணவன், செய்யாறு)

தம்பி, உன் கடிதத்தைப் படித்து ரொம்ப சந்தோஷப்பட்டேன். நீ இருக்கிற இடத்தின் அருமை உனக்குத் தெரிய வேண்டும். செய்யாற்றுப் பக்கத்துப் புரிசை கிராமத்துக்கு, கூத்து வாத்தியார் கண்ணப்பத் தம்பிரானிடம் கற்க நவீன நாடகக்காரர்கள் தேடி வந்தார்கள். 1977-ல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழு அந்தத் தொடர்பில் வளர்ந்ததுதான். சென்னைக்காரர்கள் உங்கள் ஊருக்கு வந்து கற்ற கலை அது.

ஒரே ஆள் பாட வேண்டும், அடவு போட வேண்டும், தோளில் புஜக்கட்டையும் தலையில் கிரீடமும் சுமந்தபடி கிர்க்கி என்கிற சுழற்சி சுற்ற வேண்டும், கோமாளியாக வரும் கட்டியங்காரன் திடீரென்று கேட்கிற கேள்விக்கு அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும், அதுவும் இரவு முழுக்க. இத்தனையும் சேர்ந்த நடிப்புப் பயிற்சி எந்தக் கட்டண வகுப்பிலும் கிடைக்காது. அடுத்த முறை பார்க்கும்போது கதையைப் பார்க்காமல், திரைக்குப் பின்னால் நிற்கிற வேஷக்காரர் முகம் தெரிவதற்கு முன்பே குரலையும் சலங்கையையும் வைத்து எப்படி வருகிறார் என்று கவனி. அர்ஜுனன் தபசு மரம் ஏறும்போது ஊரே அண்ணாந்து பார்க்கிறதே, அந்த அமைதியை அவர் எப்படிக் கையாள்கிறார் என்று பார்.

வீட்டில் வாதம் செய்யாதே. தேர்வு முடிந்ததும் விடுமுறையில் ஜமா, அதாவது கூத்துக் குழு, வாத்தியாரைப் போய்ப் பார், முதலில் பின்பாட்டு, தாளம் என்று சின்ன வேலையாகத்தான் கொடுப்பார், செய். கூடவே ஒரு பட்டப் படிப்பில் சேர்ந்துவிடு. காரணம், டெல்லியில் இருக்கிற தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டமும் கேட்பார்கள், நாடக அனுபவமும் கேட்பார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகக் கலையில் முதுகலை படிக்கலாம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறை இருக்கிறது. இந்தக் கணக்கை அப்பாவிடம் காட்டு, திட்டு குறையும்.

பெண் பிள்ளைகள் கூத்தில் வேஷம் கட்டலாமா? (வாலாஜா)

கட்டலாம், கட்டியிருக்கிறார்கள். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002-ல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் பள்ளிப் படிப்போடு சேர்த்தே கூத்து கற்று, ராஜ வேஷமும் கட்டினார்கள். ராத்திரி ஒத்திகை என்றால் யார் கூட்டி வந்து யார் வீட்டில் விடுவார்கள் என்பதை மட்டும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகளைச் சினிமாவில் அறிமுகப்படுத்துவதாகச் சொல்லி போட்டோ ஆல்பத்துக்கும் பயிற்சிக்கும் சேர்த்துப் பெரிய தொகை கேட்கிறார்கள். கட்டலாமா? (ஆற்காடு)

கட்டாதீர்கள். வாய்ப்பு தருகிறவர் நடிகருக்குச் சம்பளம் கொடுப்பார், நடிகரிடம் வாங்க மாட்டார். பயிற்சி வேண்டுமென்றால் பயிற்சிக்கு மட்டும் மாதக் கட்டணம் கட்டுங்கள், அங்கே என்ன சொல்லித்தருகிறார்கள் என்று ஒரு நாள் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்று சொன்னால் அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.