நான்கு கம்பிக்கு நாலு அறிவுரை: எதைக் கேட்பது?

கேள்வி: நாகர்கோவில் பக்கம் எங்கள் ஊர். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சர்ச் கொயரில் மூன்று வருடமாகக் கிட்டார் வாசிக்கிறேன். பேஸ் வாசிக்க ஆள் இல்லை என்பதால், மூன்று மாதத்துக்கு முன் ஒரு பழைய நாலு கம்பி பேஸ் கிட்டார் வாங்கினேன். தடித்த கம்பியில் முதல் மூன்று நாலு ஃப்ரெட்டிலும் (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்) கரகரவென்று சத்தம் வருகிறது. இடது மணிக்கட்டு வலிக்கிறது. தெரிந்த பேஸ் வாசிப்பவர்களிடம் கேட்டேன். ஒருவர் "கம்பியை மாத்து" என்றார். இன்னொருவர் "மாத்தவே மாத்தாதே, பழைய கம்பியிலதான் சத்தம் இருக்கு" என்றார். கம்பியை மீட்டுகிற சின்ன வில்லையைப் பற்றி மூன்றாமவர் "பிளெக்ட்ரத்தைத் தொட்டா நீ பேஸிஸ்ட்டே இல்ல" என்றார். நான்காமவர் "பேசாம அஞ்சு கம்பி வாங்கிடு" என்கிறார். கிட்டார் ஆம்பில் (ஒலிபெருக்கியில்) பேஸை மாட்டலாமா என்பதற்கும் இரண்டு விதமான பதில். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில், வாங்க தம்பி. பேஸ் பக்கம் ஆட்கள் எப்போதுமே குறைவு. ஒருவர் புதிதாக வந்தால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

உங்களுக்குச் சொன்ன நாலு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒருவர்கூட உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அவரவர் கைக்கும், அவரவர் கருவிக்கும், அவரவர் வாசிக்கிற பாட்டுக்கும் எது சரியாக வந்ததோ அதைச் சொல்லியிருக்கிறார்கள். "பழைய கம்பிதான் நல்லது" என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவன இசைப்பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், கம்பி அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். அவர் மாட்டியிருந்தது வழவழப்பாகச் சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் கம்பி. நின்றபடி வாசிக்கும் பெரிய டபுள் பேஸிலிருந்து வந்தவர் என்பதால் கம்பி உயரமாக இருப்பது அவருக்குப் பழக்கம். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே வைத்து வாசித்தார். அந்த விரலும் அந்த உயரமும் அந்த ஃப்ளாட்வவுண்டும் சேர்ந்தபோதுதான் பழைய கம்பி அவருக்கு அழகாக ஒலித்தது. சொரசொரப்பாகச் சுற்றிய, துருப்பிடித்த ரவுண்ட்வவுண்ட் கம்பியோடு நீங்கள் வாங்கியிருக்கும் பேஸுக்கு அதே பேச்சு எப்படிப் பொருந்தும்?

சரி, உங்கள் கரகரப்புக்கு வருவோம். நெக்குக்கு (கழுத்துக்கு) உள்ளே ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைத் தொடுவதற்கு முன் உங்கள் விரல் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

கிட்டாரிலிருந்து பேஸுக்கு வருகிற எல்லோருக்கும் நடப்பது இது. உங்கள் பேஸ் வழக்கமான அளவுள்ளதாக இருந்தால், நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பி தங்கும் துண்டு) பிரிட்ஜ் (உடல் பக்கம் கம்பி தங்கும் இடம்) வரை கம்பியின் நீளம் 34 அங்குலம், அதாவது சுமார் 864 மில்லிமீட்டர். அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் வைத்த அளவுதான் இன்றைக்கும் பொது அளவு. பெரும்பாலான எலக்ட்ரிக் கிட்டார்களில் கம்பி நீளம் 25 அங்குலத்தை ஒட்டி இருக்கும். அதனால் கிட்டாரில் நட்டுக்கும் முதல் ஃப்ரெட்டுக்கும் நடுவே சுமார் 36 மில்லிமீட்டர் இருக்கிறதென்றால், பேஸில் அது 48-ஐத் தாண்டும். பழைய பழக்கத்தில் கையை வைத்தால் விரல் இரண்டு ஃப்ரெட்டுக்கு இடையிலான கட்டத்தின் நடுவில் போய் விழும். நடுவில் அமுக்கினால் கம்பி ஃப்ரெட்டில் அழுத்தமாக உட்காராது, கரகரக்கும். கரகரக்கிறதே என்று இன்னும் பலமாக அமுக்குவோம், மணிக்கட்டு வலிக்கும். உங்கள் இரண்டு புகாருக்கும் பாதிக் காரணம் இது ஒன்றாகவே இருக்கலாம். ஃப்ரெட்டுக்கு ஒட்டினாற்போல், ஆனால் அதன்மேல் ஏறாமல், பின்னால் விரலை வைத்து மெதுவாக அமுக்கிப் பாருங்கள். சத்தம் தெளிந்தால் கருவியில் குறை இல்லை.

அப்படியும் கரகரத்தால் அடுத்து நெக்கைப் பாருங்கள். ட்யூன் செய்துவிட்டு, தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அமுக்கிப் பிடியுங்கள். ஒரு கைக்கு நண்பரைக் கூப்பிடலாம். இப்போது ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்குக் கீழே எவ்வளவு இடைவெளி இருக்கிறது? ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, கால் மில்லிமீட்டரோ கொஞ்சம் கூடவோ இருந்தால் சரி. இடைவெளியே இல்லாமல் கம்பி ஃப்ரெட்டில் படுத்துக் கிடந்தால் நெக் அளவுக்கு மீறி நேராக இருக்கிறது. முதல் சில ஃப்ரெட்டில் மட்டும் கரகரப்பு வருவதற்கு வழக்கமான காரணம் இதுதான். பன்னிரண்டுக்கு மேலே கரகரத்தால் கதை வேறு: கம்பியின் உயரம் போதவில்லை, அல்லது நெக் அதிகமாக வளைந்திருக்கிறது. ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் வந்தால், அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கலாம். கம்பியை அமுக்காமல் மீட்டும்போது மட்டும் வந்தால் நட்டில் இருக்கும் பள்ளம் தேய்ந்திருக்கக்கூடும். கரகரப்பு எங்கே வருகிறது என்பதைக் கேட்காமல் யாராலும் இதற்கு மருந்து சொல்ல முடியாது. உங்களிடம் அதை யாராவது கேட்டார்களா?

நெக் நேராகிவிட்டதுதான் பிரச்சினை என்றால், ட்ரஸ் ராடை இடப்பக்கமாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். திரும்ப ட்யூன் செய்து, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மரம் மெதுவாகத்தான் நகரும். சாவி சரியாகப் பொருந்தவில்லை என்றாலோ, திருகு இறுகிப்போய் அசையவில்லை என்றாலோ அங்கேயே நிறுத்திவிட்டு, கிட்டார் செட்டப் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். கடற்கரை ஊர்களில் மழைக்காலம் வந்து போகும்போது நெக் கொஞ்சம் அசையும். வருடத்துக்கு இரண்டு முறை இதைப் பார்ப்பது நல்லது.

இதில் நான் பட்டது ஒன்று உண்டு. எனக்குப் பதினெட்டு வயதிருக்கும். எங்கள் இசைக்குழுவில் இருந்த ஒருவர், என் பேஸைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல், "ஃப்ரெட் தூக்கியிருக்கும், தேச்சுடு" என்றார். நானும் எமரித்தாளை வாங்கி ஞாயிறு முழுக்கத் தேய்த்தேன். நெக் நேராக இருந்தது என்பதும், கால் சுற்றில் தீர்ந்திருக்க வேண்டிய வேலை என்பதும் பிறகுதான் தெரிந்தது. அந்த ஃப்ரெட்களை மொத்தமாகப் பிடுங்கிப் புதிதாகப் போட வேண்டியதாகிவிட்டது. அவர் நல்ல மனிதர், என் நன்மைக்காகத்தான் சொன்னார். அன்றிலிருந்து ஒரு அறிவுரையை எடை போட எனக்கு ஒரு வழி உண்டு. செய்து பார்த்துவிட்டுத் திரும்பப் பழையபடி வைக்க முடியுமென்றால் யார் சொன்னாலும் செய்து பார்ப்பேன். தேய்ப்பது, வெட்டுவது, துளையிடுவது என்றால் கருவியை நேரில் பார்த்தவர் சொன்னால் மட்டும்தான்.

மணிக்கட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிட்டாரில் ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று பழகியிருப்பீர்கள். பேஸில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நாலாவது வரை கிட்டத்தட்ட 13 சென்டிமீட்டர். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை 8 சென்டிமீட்டர்தான். கீழே அவ்வளவு விரித்துப் பிடிக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. டபுள் பேஸ்காரர்கள் வெகுகாலமாகச் செய்வதைச் செய்யுங்கள்: ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் என்று மூன்றையும் வைத்து மூன்று ஃப்ரெட்டை மட்டும் பிடித்து, நாலாவதுக்குக் கையையே நகர்த்துங்கள். மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணையாகச் சேர்ந்து அமுக்கட்டும். முதல் மாதம் ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு மேலேயே வாசித்துப் பழகினாலும் தப்பில்லை. உட்காரும்போது பேஸ் எந்த உயரத்தில் இருக்கிறதோ, நிற்கும்போதும் அதே உயரத்தில் இருக்கும்படி ஸ்ட்ராப்பை ஏற்றிக் கட்டுங்கள். விரல் நுனி எரிவதும் தோல் காய்ப்பதும் சாதாரணம். மணிக்கட்டு வலியும் விரல் மரத்துப்போவதும் சாதாரணமில்லை. அப்படி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கம்பி விஷயத்தில் உங்களுக்கு என் பதில்: மாற்றுங்கள். முன்னால் வைத்திருந்தவர் என்ன கம்பி மாட்டினார், எத்தனை வருடம் ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியாது. 45-லிருந்து 105 வரை (தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) அளவுள்ள வழக்கமான செட் போதும். கம்பியின் தடிமன் மாறினால் இழுவிசை மாறும், இழுவிசை மாறினால் நெக் அசையும். அதனால் முதலில் கம்பி, பிறகு மேலே சொன்ன நெக் சோதனை. நீளத்தை வெட்டும்போது கம்பியை முதலில் மடக்கிவிட்டு, மடக்கிய இடத்துக்கு அப்பால் வெட்டுங்கள். நேராக இருக்கும்போதே வெட்டினால் மேலே சுற்றியிருக்கும் கம்பி உள்கம்பியைவிட்டு நழுவி, புதுக் கம்பியே செத்த சத்தம் போடும். நம் ஊர் வியர்வைக்கு, வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்து வைத்தால் கம்பியின் ஆயுள் நன்றாகக் கூடும்.

பிளெக்ட்ரம் பற்றிச் சொன்னவரிடம் நான் மரியாதையோடு மாறுபடுகிறேன். கேரல் கே அமெரிக்க ஸ்டூடியோக்களில் ஆயிரக்கணக்கான பதிவுகளுக்கு பிளெக்ட்ரத்தோடுதான் பேஸ் வாசித்தார். கிட்டாரிலிருந்து வரும் உங்களுக்கு அது ஏற்கெனவே கைவந்திருக்கிறது, விட்டுவிடாதீர்கள். கூடவே ஆள்காட்டி, நடுவிரல் இரண்டையும் மாற்றி மாற்றி வாசிக்கவும் பழகுங்கள். மென்மையான பாடல்களில் விரலின் சத்தம் குரலுக்கு அடியில் அழகாக உட்காரும்.

ஐந்து கம்பி இப்போது வேண்டாம். நாலு கம்பியில் மிகக் கீழே இருக்கும் E சுமார் 41 ஹெர்ட்ஸ், ஐந்தாவது கம்பியின் B சுமார் 31. அந்த ஆழத்தைத் தெளிவாகக் கொடுக்கும் ஸ்பீக்கர் எல்லாச் சர்ச்சிலும் இருக்காது. D-யில் பாடும் பாட்டுக்குக் கீழ் D வேண்டுமென்றால், தடித்த கம்பியை ஒரு முழு சுரம் இறக்கிக்கொள்ளுங்கள்.

கிட்டார் ஆம்ப்: வீட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பழகலாம், ஒன்றும் ஆகாது. கொயரில் டிரம்ஸுக்கு ஈடாக ஏற்றினால் ஸ்பீக்கரின் கூம்பு கிழிந்துபோகலாம். போன் ஸ்பீக்கரில் உங்கள் வாசிப்பைக் கேட்டு மனம் தளராதீர்கள், அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு இந்த ஆழம் வரவே வராது. போன் ட்யூனரும் தடித்த கம்பியில் தடுமாறும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் எடுத்தால் சட்டென்று பிடித்துவிடும்.

அடுத்தது, எந்த அறிவுரையைத் தள்ளினாலும் தள்ளக்கூடாத ஒன்று: எர்த். கம்பியைத் தொட்டால் ஆம்பின் 'உம்' சத்தம் குறைகிறதா? அது இயல்பு, பயப்பட வேண்டாம். ஆனால் கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டதும் சுள்ளென்று அடித்தால், ஒரு நிமிடம்கூடத் தொடராதீர்கள். ஆம்புக்கோ மிக்ஸருக்கோ எர்த் சரியில்லை என்று அர்த்தம். திருவிழாப் பந்தல்களில் இரண்டு பின் பிளக்கிலும், எர்த் பின் உடைந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியிலும் ஆம்ப் ஓடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கே ஒருமுறை உதடு கருகியது. சர்ச்சில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆம்பையும் மிக்ஸரையும் சரியான எர்த் உள்ள ஒரே போர்டிலிருந்து எடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சீக்கிரம் கேட்பீர்கள். கீபோர்டு வாசிப்பவர் C, E, G பிடிக்கிறார் என்று வையுங்கள். நீங்கள் கீழே C வாசித்தால் அது C மேஜர். நீங்கள் A வாசித்தால் அதே மூன்று சுரமும் A மைனர் செவன்த் ஆகிவிடும். அவர் கையை மாற்றவே இல்லை, பாட்டின் நிறம் மாறிவிட்டது. கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்துக்கு) பெயர் வைப்பது பல நேரம் பேஸ்தான். இளையராஜா பாடல்களில் பேஸ் எங்கே போகிறது என்று ஹெட்போனில் தொடர்ந்து கேட்டால் இது காதுக்குப் புரிந்துவிடும். ஆனால் கீபோர்டுகாரரின் இடது கையும் அதே ஆழத்தில் வேறு சுரம் வாசித்துக்கொண்டிருந்தால் இரண்டும் சேர்ந்து குழம்பிப்போகும். இதுவரை பேஸ் இல்லாத கொயர் என்பதால் அந்த வேலையை அவர்தான் செய்துகொண்டிருப்பார். "அண்ணே, இந்தப் பாட்டுக்கு மட்டும் இடது கையைக் கொஞ்சம் மேல ஏத்திக்கிறீங்களா?" என்று பக்குவமாகக் கேளுங்கள். நீங்கள் ரூட் சுரத்தை (கார்டுக்குப் பெயர் தரும் சுரத்தை) மட்டும், டிரம்ஸின் கிக்கோடு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) சேர்ந்தாற்போல் வாசியுங்கள்.

இதைப் படிக்கும் மூத்த பேஸிஸ்டுகளிடமும் ஒரு வேண்டுகோள். புதிதாக ஒருவர் வந்து கேட்டால், பதிலுக்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: என்ன பாட்டு வாசிக்கிறாய்? கருவியைக் காட்டுகிறாயா? முடிந்தால் அந்தப் பேஸை மடியில் வாங்கி வைத்து ஒரு சுரம் மீட்டிப் பாருங்கள். தம்பிக்கு நாலு பேர் பதில் சொன்னார்கள். அதில் ஒருவர் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

தம்பி, கம்பி மாற்றி ஒரு வாரம் கழித்து எனக்குத் திரும்ப எழுதுங்கள். கம்பியின் அளவு, நெக் இடைவெளி, எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட்டில் கரகரப்பு என்று மூன்றையும் குறியுங்கள். ஆம்ப் இல்லாமல் போன் மைக்கில் எடுக்காதீர்கள், பேஸை ஆம்பில் மாட்டி அரை நிமிடம் பதிவு செய்து அனுப்புங்கள். அந்த நாலு அண்ணன்மாருக்கும் அதையே அனுப்புங்கள். இந்த முறை நாலு பதிலும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வரும் என்று நினைக்கிறேன்.