எட்டு இடமா, நாலு இடமா?

கேள்வி: ஒரு நாள் பஸ் டூர் விளம்பரத்தில் 'எட்டு இடங்கள், கைடு உண்டு' என்று போட்டிருக்கிறார்கள். இன்னொருவர் நாலே இடம் காட்டுகிறார், கட்டணமோ கூடுதல். எட்டு இடக்காரரிடமே போய்விடலாமா?

பதில்: ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை எட்டு மணிக்குக் கிளம்பி மாலை ஆறு மணிக்குத் திரும்பும் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 600 நிமிடம். ஓட்டம் நாலு மணி நேரம் என்றால் 240 போயிற்று. சாப்பாட்டுக்கு 60. அப்புறம், யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று இருக்கிறது: ஏறுவதும் இறங்குவதும். நாற்பது பேர் ஒரே படி வழியாக இறங்கி, திரும்ப ஏறி, கைடு தலை எண்ணி முடிக்க ஓர் இடத்துக்கு 12 நிமிடமாவது பிடிக்கும். எட்டு இடத்துக்கு 96. மிஞ்சுவது 204 நிமிடம், ஓர் இடத்துக்குச் சுமார் 25. டிக்கெட் வரிசை, கழிப்பறை வரிசை எல்லாம் அந்த 25-க்குள்தான். எல்லா டூரிலும் கடைசியாக ஓடி வரும் குடும்பம் ஒன்று உண்டு. நான் போன ஒரு டூரில் அது எங்கள் குடும்பம்தான், அதனால் அந்த நிமிடங்களைப் பற்றி நான் ரொம்பப் பேசக்கூடாது.

கணக்கு இப்படி இருப்பதால், எட்டையும் முழுதாகக் காட்ட அவரால் முடியாது. எப்படிச் சமாளிக்கிறார் என்பது பயணத் திட்டத்தில் உள்ள சொற்களிலேயே தெரியும். 'உள்ளே சென்று பார்த்தல்' என்றால் உள்ளே போகலாம். 'வெளியிலிருந்து பார்த்தல்' என்றால் வாசலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். 'வழியில் காணுதல்' என்றால் பஸ் நிற்கவே நிற்காது, நீங்கள் தவறான பக்கம் உட்கார்ந்திருந்தால் பக்கத்து சீட்காரரின் காதைத்தான் பார்ப்பீர்கள். எந்த இடத்தில் எத்தனை நிமிடம், நுழைவுக் கட்டணம் யாருடையது என்று கேட்டு, பதிலை மெசேஜாகவாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்தைச் சொல்ல மாட்டேன் என்பவரை விட்டுவிடலாம்.

விடுமுறை நாளையும் நீங்களே பாருங்கள். தாஜ்மகால் வெள்ளிக்கிழமை பார்வையாளர்களுக்குத் திறக்காது, பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை திறக்காது. ஆனால் டூர் பஸ்ஸுக்கு வார விடுமுறை கிடையாது, அன்றைக்கும் கிளம்பும்.

நாலு இடக்காரர் ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் தருகிறார் என்றால், என் ஓட்டு அவருக்கே.

கேள்வி: போன டூரில் பாதி நேரம் ஒரு கைவினைப் பொருள் கடையில் போயிற்று. வாங்காவிட்டால் கைடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இதைத் தட்டிக் கேட்க முடியாதா?

பதில்: கடையில் விற்பதில் ஒரு பங்கு கைடுக்கும் டிரைவருக்கும் போவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். கட்டணம் நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால், மீதியை உங்களிடம் கடையில் வசூலிக்கப் போகிறார்கள் என்று பொருள். சீனாவில் இது எல்லை மீறிப் போய், 2013 அக்டோபரில் அமலுக்கு வந்த சுற்றுலாச் சட்டத்தில் அடிமாட்டு விலைக்கு ஆள் சேர்த்துக் கடைகளில் ஈடுகட்டுவதைத் தடை செய்தார்கள். அப்படி வாங்க வைத்த பொருளை, பயணம் முடிந்து 30 நாளுக்குள் திருப்பித் தந்து பணம் பெற்றுத் தரும்படி நிறுவனத்திடம் கேட்கவும் அந்தச் சட்டம் வழி செய்கிறது. இவ்வளவு தெளிவான விதி இல்லாத இடத்தில் உங்கள் கையில் இருப்பது அச்சிட்ட பயணத் திட்டம்தான். அதில் கடை இல்லையென்றால், கடையில் நின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு, விடுபட்ட இடத்தின் பெயரோடு எழுத்தில் புகார் கொடுத்து, கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேளுங்கள். கடை என்று அதிலேயே போட்டிருந்தால் கேட்பது கஷ்டம். வாங்கத்தான் வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது, சரி, கைடின் முகத்துக்கு நான் பொறுப்பில்லை.

கேள்வி: ஆன்லைனில் பதிவு செய்துவிட்டேன். மனம் மாறினால் பணம் திரும்புமா?

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கியதை 14 நாளில் வேண்டாம் என்று சொல்லலாம் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் குறிப்பிட்ட தேதிக்கான பொழுதுபோக்குச் சேவைக்கு அந்த உரிமை இல்லை. அங்குள்ள பேக்கேஜ் பயணச் சட்டமும், இரவுத் தங்கல் இல்லாத 24 மணி நேரத்துக்குட்பட்ட டூர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே ஒரு நாள் டூரில் ரத்து விதி என்று நிறுவனம் எழுதியிருப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எத்தனை மணி நேரத்துக்கு முன் சொன்னால் முழுப் பணம், ஆள் சேராமல் அவர்களே ரத்து செய்தால் பணமா, வேறு தேதியா? இந்த இரண்டு வரியும் கண்ணில் படாவிட்டால், பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.