அந்த கேம் யார் பெயரில் இருக்கிறது?

பரீட்சைகள் முடிந்ததும் கேம் வாங்குவது பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். பர்மா பஜாரில் சிடி வாங்கி கேம் ஏற்றிய காலம் முதல் இந்த வியாபாரத்தைக் கவனித்து வருகிறேன். எல்லோரும் முதலில் கேட்பது "எங்கே விலை குறைவு?" என்றுதான். எனக்கு அதைவிட முக்கியம், காசு கொடுத்த பிறகு அந்த கேம் யார் பெயரில் இருக்கும் என்பது.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் ஒருவர் 4,000 ரூபாய் கேமை 250 ரூபாய்க்குத் தருகிறார். ஸ்டீம் (கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடை) ஐடி, பாஸ்வேர்டு அனுப்புவாராம். உள்ளே போய் டவுன்லோடு செய்துவிட்டு ஆஃப்லைனில் போட்டு விளையாட வேண்டுமாம். என் நண்பர்கள் மூன்று பேர் வாங்கியிருக்கிறார்கள். நானும் வாங்கலாமா? – கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: வேண்டாம் தம்பி.

இதில் நடப்பது என்ன தெரியுமா? அவர் ஒரு கேமை ஒருமுறை வாங்குகிறார். அந்த ஒரே அக்கவுண்டின் பாஸ்வேர்டை ஐம்பது பேருக்கு விற்கிறார். கேம் அவர் அக்கவுண்டில்தான் இருக்கிறது, உங்களுடையதில் இல்லை. அப்டேட் வந்தாலோ, விண்டோஸை மறுபடி ஏற்றினாலோ, மறுபடி உள்ளே போக அவரைத்தான் கேட்க வேண்டும். அக்கவுண்டை விற்பதும் பாஸ்வேர்டைப் பகிர்வதும் ஸ்டீம் விதிகளுக்கு விரோதம் என்பதால், ஸ்டீம் பூட்டினால் ஐம்பது பேருக்கும் ஒரே நாளில் போய்விடும். அப்புறம் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? அந்த இன்ஸ்டா பக்கமே இருக்காது.

பணம் போவதைக்கூட விடுங்கள். போன வருடம் ஒரு பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். இப்படி விற்ற ஒருவர், "கேம் திறக்கவில்லையா, இந்த ஃபைலை ஓட்டு, அதற்கு முன்னால் விண்டோஸ் டிஃபெண்டரை அணைத்துவிடு" என்று சொல்லியிருக்கிறார். இவனும் செய்துவிட்டான். மறுநாள் காலையில் அவனுடைய மெயில் பாஸ்வேர்டு மாறியிருந்தது. பிரவுசரில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டு அத்தனையும் போயிருந்தன. அவன் கண் கலங்கியது கேமுக்காக இல்லை. கல்லூரி புராஜெக்ட் முழுக்க அந்த மெயிலோடு இணைந்த டிரைவில் இருந்தது. மெயிலை மீட்க எங்களுக்கு நான்கு நாள் ஆனது. வைரஸ் காவலை அணைக்கச் சொல்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

கையில் 250 ரூபாய்தான் இருக்கிறதா? அதே தொகைக்கு உங்கள் பெயரிலேயே நல்ல கேம் வாங்கலாம். ஐந்தாறு வருடம் ஆன பெரிய கேம்கள் தள்ளுபடி நாட்களில் 75, 80 சதவீதம் வரை இறங்குகின்றன. ஸ்டீமின் கோடைத் தள்ளுபடி பெரும்பாலும் ஜூன் கடைசியில் தொடங்கும். அதுவரை பொறுங்கள்.

கேள்வி: சில வெளிநாட்டுத் தளங்களில் ஸ்டீம் கீ பாதி விலைக்குக் கிடைக்கிறது. கீ போட்டால் கேம் என் அக்கவுண்டிலேயே வந்துவிடுகிறதே, இதில் என்ன தப்பு? – மென்பொருள் ஊழியர், கோவை

பதில்: கீ என்பது ஸ்டீமில் போட்டால் கேமை உங்கள் அக்கவுண்டில் சேர்க்கும் குறியீடு. அதை விற்கும் தளங்கள் இரண்டு வகை. ஹம்பிள், ஃபெனாட்டிகல், கிரீன் மேன் கேமிங் போன்றவை கேம் வெளியிடும் நிறுவனங்களிடமிருந்து கீயை வாங்கி விற்கிற முறையான கடைகள். அங்கே பயமில்லாமல் வாங்கலாம். சில சமயம் ஸ்டீமைவிடக் குறைவாகவும் கிடைக்கும்.

ஜி2ஏ, கிங்குவின் போன்றவை சந்தைகள். கடை விரித்திருப்பது தளம். சரக்கு யாரோ முகம் தெரியாதவருடையது. அந்தக் கீ எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. விலை குறைந்த நாட்டில் வாங்கியதாக இருக்கலாம், பல கேம்களைச் சேர்த்து விற்ற தொகுப்பில் மிஞ்சியதாக இருக்கலாம், திருட்டு கார்டில் வாங்கியதாகவும் இருக்கலாம். கடைசி வகையில்தான் சிக்கல். கார்டுக்குச் சொந்தக்காரர் வங்கியில் புகார் கொடுத்ததும் பணம் திரும்பிப் போகிறது. கேமை உருவாக்கியவருக்கு விற்ற காசும் இல்லை, அதற்குமேல் வங்கி போடும் அபராதக் கட்டணம் வேறு.

ஃபேக்டோரியோ என்ற கேமை உருவாக்கிய செக் நாட்டின் வூப் நிறுவனத்துக்கு இதுதான் நடந்தது. திருட்டுக் கீ விற்றது நிரூபணமானால் நஷ்டத்தைப் போல் பத்து மடங்கு தருவதாக 2019-இல் ஜி2ஏ அறிவித்தது. வூப் அதை ஏற்றுக்கொண்டது. 198 கீகள் முறைகேடாக வாங்கப்பட்டு அந்தச் சந்தையில் விற்கப்பட்டிருந்தன என்று 2020-இல் ஜி2ஏவே ஒப்புக்கொண்டு, 39,600 டாலர் கொடுத்தது. சின்னக் குழு ராத்திரி பகலாக உட்கார்ந்து உருவாக்கிய கேமுக்கு அந்தக் குழுவே தண்டம் கட்ட வேண்டும் என்றால் எப்படி? எனக்கு இது பொறுக்கவில்லை. அதனால்தான் அந்தப் பக்கமே போவதில்லை. வாங்கியவருக்கும் ஆபத்து உண்டு. திருட்டுக் கீ என்று தெரிந்ததும் நிறுவனம் அதை ரத்து செய்தால் கேம் உங்கள் லைப்ரரியிலிருந்து போய்விடும்.

எது முறையான கடை என்று தெரிந்துகொள்ள 'இஸ் தேர் எனி டீல்' தளத்தில் கேமின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அங்கே முறையான கடைகளின் விலைகள் மட்டும் வரும். இதுவரை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற வரலாறும் தெரியும்.

கேள்வி: ஸ்டீம், எபிக், ஜிஓஜி – ஒரே கேம் மூன்றிலும் இருந்தால் எங்கே வாங்குவது? – பள்ளி ஆசிரியர், விருதுநகர்

பதில்: மூன்றும் நம்பகமான கடைகள்தான். ஆனால் நீங்கள் வாங்கும் பொருள் மூன்றிலும் ஒன்றல்ல.

ஜிஓஜியை 2008-இல் போலந்தின் சிடி புராஜெக்ட் தொடங்கியது, பழைய கேம்களைப் புதிய விண்டோஸில் ஓடும்படி செய்து விற்க. இன்று புதியவையும் இருக்கின்றன. அதன் பெரிய சிறப்பு, கேமுக்குப் பூட்டு கிடையாது, அதாவது அதை ஓட்டக் கடையின் அனுமதி தேவையில்லை. வாங்கியதும் உங்கள் பக்கத்தில் 'ஆஃப்லைன் இன்ஸ்டாலர்' என்று ஃபைல்கள் இருக்கும். அவற்றை இறக்கி ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு பீரோவில் வைத்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து இணையம் இல்லாத கம்ப்யூட்டரில் செருகினாலும் ஏறும். பழைய சிடியைப் போல அது உங்கள் கையிலேயே இருக்கும். ஒரே ஒரு விஷயம்: விலை டாலரில் இருந்தால் உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்க வேண்டும் (ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் அது மூடித்தான் வரும், வங்கியின் ஆப்பில் திறக்கலாம்). நாணயம் மாற்றும் கட்டணம் என்று வங்கி கொஞ்சம் பிடிக்கும். அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஸ்டீமில் 2015 முதல் ரூபாயிலேயே விலை. யுபிஐயில் கட்டலாம். நண்பர்களும் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளும் நிறைய. நம் ஊர் இணைய வேகத்துக்கு உதவும் ஒரு வசதியும் உண்டு: வீட்டிலோ ஹாஸ்டலிலோ ஒருவர் கேமை இறக்கியிருந்தால், பக்கத்துக் கம்ப்யூட்டர் அதே வைஃபை வழியாக அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளும். 80 ஜிபி கேமை இரண்டு தரம் இறக்க வேண்டியதில்லை. குறை என்னவென்றால், பெரும்பாலான கேம்களைத் திறக்க நடுவில் ஸ்டீம் புரோகிராம் வேண்டும். விண்டோஸ் 7, 8-க்கு அது 2024 ஜனவரி 1 முதல் ஆதரவை நிறுத்திவிட்டது. கேமும் பழையது, அதை ஓட்டும் கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கிறது, நடுவில் இருக்கும் புரோகிராமுக்காகக் கம்ப்யூட்டரை மாற்ற வேண்டிய நிலை.

ஸ்டீமில் வாங்கும்போது கேம் பக்கத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள். இன்னொரு நிறுவனத்தின் அக்கவுண்ட் வேண்டும், அல்லது வேறு பூட்டு இருக்கிறது என்று ஒரு சின்னப் பெட்டியில் எழுதியிருக்கும். பலரும் படிப்பதில்லை. இரண்டு பூட்டு போட்ட கதவு அது.

எபிக் 2018 டிசம்பரில் வந்த கடை. கேம் செய்தவர்களின் விற்பனையில் அதிகபட்சம் 12 சதவீதம்தான் எடுத்துக்கொள்கிறது. ஸ்டீம் வழக்கமாக எடுப்பது 30. வாராவாரம் வியாழன் இரவு நம் நேரம் எட்டரைக்கோ ஒன்பதரைக்கோ இலவச கேம் மாறும். ஒருமுறை எடுத்தால் அக்கவுண்டில் நிற்கும். 2020 மே மாதம் ஜிடிஏ 5-ஐ இலவசமாகக் கொடுத்தபோது கூட்டம் தாங்காமல் தளமே படுத்துவிட்டது. வாங்காவிட்டாலும் அக்கவுண்ட் ஒன்று வைத்திருங்கள்.

தனியாக விளையாடும் கதை கேம் என்றால் நான் ஜிஓஜியில் வாங்குவேன், நூறு ரூபாய் கூட இருந்தாலும். நண்பர்களோடு விளையாட ஸ்டீம்.

கேள்வி: காசு கொடுத்து வாங்கியதை அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா? – சேலம்

பதில்: முடியும், எடுத்தும் இருக்கிறார்கள். 2014-இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வரை 2024 மார்ச் 31-இல் நிறுத்தினார்கள். தனியாக விளையாடும் பகுதிக்கும் சர்வர் தேவைப்பட்டதால் எதுவுமே ஓடவில்லை. அப்புறம் வாங்கியவர்களின் உரிமமும் (விளையாடும் அனுமதியும்) ரத்தானது. விற்ற கேமை இப்படி முடக்கக் கூடாது என்று அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம். ஐரோப்பாவில் அந்த இயக்கத்தின் மனுவில் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. கலிஃபோர்னியாவில் உரிமத்தை மட்டும் தருகிற கடை அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே வந்தது, 2025 ஜனவரி முதல். ஸ்டீமில் பணம் கட்டும் இடத்தில் இப்போது அந்த வரி இருக்கிறது. எப்போதும் இணையம் வேண்டும் என்று போட்டிருக்கும் கேமுக்கு முழு விலை கொடுக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாங்கிய கேம் என் லேப்டாப்பில் திக்கித் திக்கி ஓடுகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா? – மதுரை

பதில்: ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் என்றால் காரணம் எதுவானாலும் தருவார்கள். எபிக்கிலும் பெரும்பாலான கேம்களுக்கு இதே கணக்கு. ஜிஓஜியில் 30 நாள். விளையாடியிருந்தாலும் கேம் சரியாக ஓடவில்லை என்றால் கேட்கலாம். கேமைத் திறந்து மெனுவில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் அந்த நேரமும் கணக்கில் சேரும், எனவே மூடிவிட்டு எழுந்திருங்கள். முதல் அரை மணியில் படத் தரத்தைக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் திக்கினால் அன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள். வாங்கிய இரண்டாம் நாள் அதே கேமுக்குத் தள்ளுபடி வந்துவிட்டாலும் இதே வழியில் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்கலாம், அதில் தவறில்லை.

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் மகன் கேம் வாங்க என் கார்டைக் கேட்கிறான். ஆன்லைன் கேமுக்குத்தான் தடை என்கிறார்களே, பயமாக இருக்கிறது. – ஒரு அம்மா, தஞ்சாவூர்

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா, ஆனால் இரண்டும் வேறு. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ரம்மி போன்றவற்றைத் தடை செய்கிறது. விலை கொடுத்து வாங்கி விளையாடும் கேமுக்குத் தடையில்லை.

கார்டைக் கொடுக்காதீர்கள். ஸ்டீம் குடும்ப வசதியில் ஆறு பேர் வரை சேரலாம். அவனைக் குழந்தையாகச் சேர்த்தால், அவன் கேட்கும் கேம் உங்களுக்கு விண்ணப்பமாக வரும். பார்த்துவிட்டு நீங்களே யுபிஐயில் கட்டலாம். எந்த கேம், எத்தனை மணி நேரம் என்பதையும் கட்டுப்படுத்தலாம். அவனிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள். வீட்டில் வேறொருவர் வாங்கிய கேமில் அவன் ஏமாற்று மென்பொருள் போட்டுப் பிடிபட்டால், அந்த கேமில் வாங்கியவருக்கும் தடை விழும். இன்னொன்று: இலவசம் என்று தொடங்கி உள்ளே துப்பாக்கிக்கும் சட்டைக்கும் காசு கேட்கும் கேம்களில்தான் வீட்டுப் பணம் அதிகம் கரைகிறது. ஒரே விலை கொடுத்து முடிந்துபோகும் கேமை அவன் கேட்டால் சந்தோஷப்படுங்கள்.

கேள்வி: விபிஎன் போட்டு இந்திய விலையில் வாங்கலாமா? – யாழ்ப்பாணம்

பதில்: வேண்டாம். விபிஎன் உங்களை வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டும், அப்படி வாங்கினால் அக்கவுண்டே முடங்கலாம். எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அந்த நாட்டுக் கட்டண வழியில்தான் ஸ்டீமில் வாங்க வேண்டும். இந்திய நண்பர் பரிசாக அனுப்பலாம். ஆனால் இரு நாட்டு விலைக்கும் வித்தியாசம் அதிகமென்றால் அதுவும் போகாது. இப்படிப் பலரும் அர்ஜென்டினா, துருக்கி விலையில் புகுந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2023 நவம்பரில் அந்த இரு நாடுகளின் விலையும் டாலருக்கு மாறியது. கஷ்டம் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும்தான்.

கேள்வி: நம்மவர்கள் கதை சொல்லும் கேம் ஏதாவது உண்டா? எங்கே கிடைக்கும்? – சென்னை

பதில்: 'வெண்பா'. டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது, ஸ்டீமில் இருக்கிறது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்புப் புத்தகம். எழுத்து அழிந்த இடத்தை யோசித்து யோசித்து நாமே சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்பதுகூட அதில் ஒரு புதிர். நான் விளையாடும்போது என் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கைகாட்டிக்கொண்டிருந்தார்.

இது சின்ன கேம், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். அதாவது முழுக்க விளையாடி முடித்த பிறகும் ரீஃபண்டுக்கான நேரம் மீதி இருக்கும். ஸ்டீம் விதி உங்களைத் தடுக்காது. தயவுசெய்து கேட்காதீர்கள்.