கியூபா சுருட்டுக்கு எந்த மது பொருந்தும்?

அண்ணா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கியூபா சுருட்டோடு குடிக்கத் திருகோணமலையில் என்ன வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். விஸ்கி தேடி அலைய வேண்டாம், நாள்பட்ட தென்னஞ்சாராயமே அருமையாகப் பொருந்தும். தென்னங்கள்ளை வடித்து ஹல்மில்ல மரப் பீப்பாயில் ஊறவைப்பார்கள். மர வணிகத்தில் திருகோணமலை மரம் என்பது இதைத்தான். அந்தச் சாராயத்தின் மெல்லிய இனிப்பு புகையின் கசப்பைத் தணிக்கும். சோடா ஊற்றினால் மணம் போய்விடும், கொஞ்சம் தண்ணீர் சரி.

மேலிலை கறுத்த காரச் சுருட்டென்றால் ரம் எடுங்கள்.

அப்புறம், கடற்கரையில் பற்றவைக்காதீர்கள். காற்றுக்கு ஒரு பக்கமாக எரிந்து, சூடேறி நாக்கைச் சுடும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயிலேயே சுவைத்து விடுங்கள். வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம். நிகோடினும் சாராயமும் சேர்ந்தால் தலைசுற்றும்.