சாய்வதற்கென்றே ஒரு சஸ்பென்ஷன்: மலைப் பனி வண்டி பற்றிச் சில கேள்விகள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் பனி வண்டி (ஸ்னோமொபைல்) ஓட்டுகிறேன்; பட்டறையில் அவற்றைப் பிரித்துப் பூட்டுகிறேன். இந்தக் குளிர்காலத்தில் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பல, மலை வண்டிகளின் பின் சஸ்பென்ஷனைச் சுற்றியே வந்தன. சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

டிராக்கின் உள்ளே ஒரே ஒரு ரெயில் வைத்த பனி வண்டியைக் காணொலியில் பார்த்தேன். வழக்கமாக இரண்டு இருக்குமே? ஒன்றை எடுத்துவிட்டால் உறுதி குறையாதா? (பொறியியல் மாணவர், கோவை)

தம்பி, மோட்டார் சைக்கிள் சஸ்பென்ஷனைச் சற்று நேரம் மறந்துவிடுங்கள். அங்கே அதன் வேலை, குலுங்காமல் கொண்டுபோவது. மலைப் பனி வண்டியில் அது இரண்டாம் பட்சம். வண்டியைச் சாய விடுவதும், புதைபனியில் அமிழாமல் மிதக்க விடுவதும்தான் முதல் வேலை.

வண்டிக்கு முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் சுற்றிக்கொண்டே இருக்கும் நீண்ட ரப்பர் டிராக். அந்த டிராக்கைத் தரையோடு அழுத்திப் பிடிக்க உள்ளே அலுமினிய ரெயில்கள், அவற்றை வண்டியோடு இணைக்கும் முன் கை, பின் கை, அதிர்வைத் தாங்கும் இரண்டு ஷாக்குகள், சில சிறு சக்கரங்கள் இருக்கும். இந்தத் தொகுப்பு முழுவதும் சேர்ந்ததுதான் பின் சஸ்பென்ஷன். தொடக்க கால வண்டிகளில் ரெயில் கிடையாது. வரிசையாகச் சிறு சக்கரங்கள்தான் டிராக்கின் மேல் உருண்டன. பிறகு ரெயில்கள் வந்து அவற்றை ஓரங்கட்டிவிட்டன.

இடுப்பளவு புதுப்பனியில் கைப்பிடியைத் திருப்பினால் மட்டும் வண்டி திரும்பாது. முன் பலகைகளுக்குப் பிடிமானமே இருக்காது. ஓட்டுபவர் ஒரு பக்கக் கால்பலகையில் ஏறி நின்று, வண்டியை விலாப்புறமாகச் சாய்த்து, டிராக்கின் விளிம்பைப் பனிக்குள் கத்திபோல் இறக்கித்தான் திருப்ப வேண்டும். சரிவின் குறுக்கே போவதற்கும் இதே வித்தைதான். வண்டியின் எடை சுமார் 200 கிலோ. ஒரு நாளில் நூறு முறையாவது அதைச் சாய்ப்பீர்கள். ஒவ்வொரு முறையும் எவ்வளவு பலம் கேட்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இரண்டு ரெயில் இருந்தால் டிராக்கின் அடிப்பகுதி தட்டையான பலகைபோல் விறைத்து நிற்கும். சாய்க்க வேண்டுமானால் வெளிப்பக்க ரெயிலை ஊன்றி, வண்டியின் பாரத்தை அதன்மேல் தூக்கி ஏற்ற வேண்டும். நடுவில் ஒரே ரெயில் என்றால் பாரம் நடுக்கோட்டில் நிற்கிறது; டிராக்கின் இரு ஓரங்களும் மேல்நோக்கி வளைந்துகொடுக்கின்றன. நான்கு கால் பெஞ்சைச் சாய்ப்பதற்கும், நடுவில் ஒற்றைக் கால் வைத்த வட்ட மேசையைச் சாய்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

ஆர்க்டிக் கேட் நிறுவனம் 2019 மாடலில் ‘ஆல்ஃபா ஒன்’ என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 2013 மாடலில், ஸ்கி-டூ ‘டி-மோஷன்’ அமைப்பை அறிமுகப்படுத்தியிருந்தது. அவர்கள் இரண்டு ரெயிலையும் வைத்துக்கொண்டார்கள். ஆனால் பின் கையில் ஒரு பால் ஜாயின்ட் (பந்து போன்ற மூட்டு) வைத்து, ரெயில் தொகுதி வண்டிக்குக் கீழே பக்கவாட்டில் சற்றே திரும்ப வழி செய்தார்கள். டிராக்கின் குறுக்கே ஓடும் விறைப்புக் கம்பிகளையும் ஓரம் வரை நீட்டாமல் குறைத்தார்கள். அதனால் விளிம்பு வளைகிறது. வெவ்வேறு வழிகளில் போய் இரண்டும் சேர்ந்த இடம் ஒன்றுதான்.

உறுதியைப் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. பழைய இரண்டில் ஒன்றைக் கழற்றி, மற்றதை நடுவில் வைத்த கதை அல்ல இது. முறுக்கைத் தாங்கும்படி தனியாக வடிவமைத்த தடித்த உத்தரம் அது. பட்டறைத் தரையில் இரு வகை வண்டிகளும் அருகருகே நிற்கும்போது நான் செய்து பார்ப்பதுண்டு: இடது கால்பலகையில் ஒரு காலை வைத்து, கைப்பிடியை என் பக்கம் இழுப்பேன். இரட்டை ரெயில் வண்டிக்கு இடுப்பையும் சேர்த்துப் பின்னால் சாய வேண்டியிருக்கிறது. ஒற்றை ரெயில் வண்டி தோளின் இழுப்பிலேயே அசைந்து வருகிறது. அந்தச் சிறு வேறுபாட்டின் அருமை மாலை நான்கு மணிக்கு, கைகள் ஓய்ந்துபோன நேரத்தில் தெரியும்.

அப்படியானால் ஒற்றை ரெயில்தான் சிறந்ததா? பழைய வண்டி ஒன்று வாங்க இருக்கிறேன். டிராக் 154 அங்குலமா, 165 அங்குலமா? (கால்கரி)

நீங்கள் எந்தப் பனியில் ஓட்டப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மரங்களுக்கு நடுவே, ஆழமான புதுப்பனியில் என்றால் எளிதில் சாயும் வண்டி வரம். வசந்த காலத்தில், பகலில் உருகி இரவில் இறுகிய கெட்டிப் பனியில் அதே வளையும் விளிம்பு எதிரியாகிவிடும். சரிவைக் கடிக்க வேண்டிய நேரத்தில் மடங்கிக்கொடுத்து, வண்டியைக் கீழ்நோக்கி வழுக்க விடும். அங்கே விறைப்பான இரட்டை ரெயிலில்தான் எனக்கு நம்பிக்கை. மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் அதிகம் போவீர்கள் என்றால் அவசரப்பட்டு மாற வேண்டாம்.

நீளத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். டிராக் ஒரு வளையம். 11 அங்குலம் கூடினால் அதில் ஏறத்தாழ பாதிதான், அதாவது 14 செ.மீ., தரைப்பக்கம் சேரும். அகலம் 15 அங்குலம், அதாவது 38 செ.மீ. ஆக, பனியின் மேல் கூடுதலாகக் கிடைக்கும் பரப்பு சுமார் 530 சதுர செ.மீ. ஒரு செய்தித்தாளை நான்காக மடித்த அளவு. மிதப்பதற்கு அது பெரிய உதவி. நெருக்கமான மரங்களுக்கிடையே திருப்புவதற்குப் பாரம். நீங்கள் உடல் கனமானவர் என்றாலோ, சுமை ஏற்றிக்கொண்டு போவீர்கள் என்றாலோ 165 எடுங்கள். மற்றபடி 154 போதும்.

வாங்கும்முன் வண்டியின் பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, டிராக்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். சிறு சக்கரங்களின் பேரிங்கில் கரகரப்பு கேட்டால் விலையைக் குறைத்துப் பேசலாம். பால் ஜாயின்ட் உள்ள வண்டி என்றால் பின் கையைப் பிடித்து உலுக்கிப் பாருங்கள். ‘டொக்’ என்று சத்தம் வந்தால் அது தேய்ந்துவிட்டது.

பட்டறையில் காற்று ஷாக்குகளுக்குச் சரியாகக் காற்று பிடித்தேன். மலைக்குப் போனால் பின்பக்கம் தொய்ந்து கிடக்கிறது. கசிவா? (எட்மண்டன்)

கசிவாக இல்லாமலும் இருக்கலாம். குளிர்ந்தால் காற்றின் அழுத்தம் குறையும். 20 டிகிரி வெப்பமுள்ள பட்டறையில் 70 பி.எஸ்.ஐ. பிடித்த ஷாக், உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி குளிரில் ஏறத்தாழ 58 காட்டும். 3,000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் கொஞ்சம் ஈடுகட்டி 63 அளவில் நிற்கும். எப்படியும் நீங்கள் பிடித்த 70 அங்கே இருக்காது.

வண்டியை ஓரிரு மணி நேரம் வெளியில் ஆற விட்டு, அந்தக் குளிரிலேயே காற்றுப் பிடியுங்கள். கை பம்ப்பை முதுகுப் பையில் வையுங்கள். மறுநாள் அதே குளிரில் அளந்தும் அழுத்தம் இறங்கியிருந்தால், அப்போது காற்று கசியாமல் அடைக்கும் சீல் மீது சந்தேகப்படலாம்.

ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முன்பக்கம் தூக்குகிறது, பின்பக்கம் குழி தோண்டிக்கொண்டு புதைகிறது. சஸ்பென்ஷனை மாற்ற வேண்டுமா? (ரெவெல்ஸ்டோக்)

பணத்தைச் செலவழிக்கும் முன் முன் கையோடு சேர்ந்திருக்கும் லிமிட்டர் வாரைப் பாருங்கள். ரெயிலின் முன்முனை எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதற்கு எல்லை போடுவது அந்த வார்தான். அதை ஒரு துளை சுருக்கினால் ரெயிலின் முன்முனை மேலே இழுக்கப்படும். டிராக் பனிக்குள் நுழையும் கோணம் தாழும், முன் பலகைகளின் மேல் பாரம் கூடும், முன்பக்கம் தூக்குவது குறையும். ஒரு துளைதான். அதற்கு மேல் போனால் கைப்பிடி கனத்துவிடும், வண்டி சாய மறுக்கும்.

குழி தோண்டுவதில் பாதிப் பழி ஆக்சிலரேட்டரை அழுத்தும் விரலுக்குத்தான். புதைபனியில் கிளம்பும்போது ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தி, டிராக்கை மேலே ஏறி வர விடுங்கள். மிதந்த பிறகு அழுத்தத்தைக் கூட்டலாம். மாட்டிக்கொண்டால் உடனே விரலை எடுங்கள். சுழலச் சுழலக் குழிதான் ஆழமாகும்.

இந்த வண்டியை ஒண்டாரியோவின் பாதைகளில் ஓட்டலாமா? (டொராண்டோ)

வேண்டாம். சமன் செய்து இறுக்கிய பாதையில் வளைவுக்கு வளைவு உருண்டு சாயப் பார்க்கும். டிராக்கின் 3 அங்குலப் பற்கள் கெட்டித் தரையில் மடங்கிக் கிழியும். ரெயிலின் அடியில் உள்ள பிளாஸ்டிக் பட்டையைக் குளிர்விப்பதே தளர்ந்த பனிதான். அது இல்லாவிட்டால் பட்டை சூடாகி உருகும். எஞ்சினின் குளிர்விப்பானுக்கும் டிராக் வாரி இறைக்கும் பனிதான் வேண்டும். பாதைக்கென்றே குட்டையான டிராக் வண்டிகள் இருக்கின்றன.

குல்மார்க்கில் ஒரு பனி வண்டியின் பின்னிருக்கையில் உட்கார்ந்து போனேன். நீங்கள் சொல்வது அதுதானா? (சென்னை)

இல்லை. பின்னிருக்கை உள்ள வண்டி ஆட்களை ஏற்றிச் செல்ல, சாயாமல் நிற்கும்படி செய்தது. மலை வண்டியில் ஓட்டுபவருக்கே உட்கார நேரம் இருக்காது. பெரும்பாலும் நின்றபடிதான் ஓட்டுவார்.

என் மகன் புது மலை வண்டி வாங்கியிருக்கிறான். சஸ்பென்ஷன் புதியது, பாதுகாப்பானது என்கிறான். நம்பலாமா? (சர்ரே)

அம்மா, வண்டி நல்லதுதான். ஆனால் அந்தச் சஸ்பென்ஷன் அவரை விழாமல் காப்பதற்காகச் செய்யப்பட்டது அல்ல. முன்பு கைவலியோடு திரும்பி வந்த சரிவுகளில் அது இப்போது எளிதாக ஏறிவிடுகிறது. எனக்கு அதுதான் கவலை. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில்தான் கிளம்புகின்றன. இந்த வண்டிகள் ஆசையாக ஏறுவதும் அங்கேதான். 2010 மார்ச்சில் ரெவெல்ஸ்டோக் அருகே போல்டர் மலையில், வண்டிகள் செங்குத்தாக ஏறுவதைப் பார்க்கக் கூடியிருந்தவர்கள்மீது பனி சரிந்தது. இருவர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள்.

மகனிடம் மூன்று பொருள்களைக் காட்டச் சொல்லுங்கள்: புதைந்தவர் இருக்கும் இடத்தை ரேடியோ சமிக்ஞையால் காட்டும், உடலோடு கட்டிக்கொள்ளும் பனிச்சரிவு டிரான்ஸ்சீவர், மண்வாரி, பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி. மண்வாரியும் கம்பியும் வண்டியின் பெட்டியில் இருக்கக் கூடாது, முதுகுப் பையில் இருக்க வேண்டும். வண்டி ஓரிடத்திலும் ஆள் ஓரிடத்திலுமாகப் பிரிந்துவிட்டால் பெட்டியால் பயன் இல்லை. பனிக்குள் புதைந்தவரைக் காப்பாற்ற முதல் பத்து, பதினைந்து நிமிடங்கள்தான் நம்பிக்கையான நேரம். உடன் போகும் நண்பர்களிடமும் இவை இருக்கின்றனவா, பயன்படுத்தப் பழகியிருக்கிறார்களா என்று கேளுங்கள், ஏனென்றால் உங்கள் மகனைத் தோண்டி எடுக்கப்போவது அவர்கள்தான். ஒரு சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே ஏற வேண்டும். மாட்டிக்கொண்டவருக்கு உதவ இன்னொருவர் வண்டியோடு ஏறிப் போகக் கூடாது. கிளம்பும் நாள் காலையில் அவலாஞ்ச் கனடா அமைப்பு வெளியிடும் பனிச்சரிவு முன்னறிவிப்பை அவரோடு உட்கார்ந்து நீங்களும் படியுங்கள்.