குடும்பிமலைக்கு 9 மணிக்கு ஏறத் தொடங்கலாமா?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் இருந்து நாங்கள் ஐந்து பேர் மார்ச் தொடக்கத்தில் மட்டக்களப்பு மாவட்டத்துக் குடும்பிமலை (தொப்பிகல) ஏறி, அன்றைக்கே திரும்ப நினைக்கிறோம். 534 மீற்றர்தானே, காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு 9 மணிக்கு அடிவாரத்தில் இருந்து ஏறினால் போதாதா? ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் வேணும்?

பதில்: 9 மணி பிந்திவிட்டது. இந்த மலையில் ஆளை மடக்குவது உயரம் இல்லை. வெயிலும் முட்பற்றையும் யானையும்தான். அதனால் நேரத்தைப் பின்னேரத்தில் இருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். மார்ச்சில் 6.15 அளவில் பொழுதுபடும். வெயில் தணியத் தணிய யானைகள் நிழலை விட்டுத் தண்ணீருக்கு வெளிக்கிடும். ஆகவே 3.30க்கு நீங்கள் வாகனத்தடியில் நிற்க வேணும். கரடுமுரடான பாறையில் இறங்கவும் ஏறின அளவு நேரம் பிடிக்கும். நிலம் நன்றாக வெளித்த பிறகு, 6.30க்கு நடக்கத் தொடங்குங்கள். உச்சி கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் 11 மணிக்குத் திரும்பிவிட வேணும். இந்த நேரத்தை வீட்டிலேயே முடிவெடுங்கள். மலையில் வைத்து முடிவெடுத்தால் எப்போதும் 'இன்னும் அரை மணித்தியாலம்' என்றுதான் வரும்.

மணிக்கு 5 கிலோமீற்றர் நடை, ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் மேலதிகமாக ஒரு மணித்தியாலம் என்பது மலையேறி நெய்ஸ்மித் 1892இல் ஸ்கொட்லாந்து மலைகளுக்குச் சொன்ன கணக்கு. சூரை, காரை முட்செடிகள் பின்னிக் கிடக்கும் நம் காட்டில் அது எடுபடாது. மணிக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு 5 லீற்றர். 20 நிமிடத்துக்கு ஒருக்கால் 200 மில்லிலீற்றர் குடித்தால் எட்டு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து தலையிடி, சத்தி வரும்; ஒரு லீற்றரில் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புத் தூள்) கரைத்து வையுங்கள். ஒருவர் தடுமாறிக் கதைத்தால் அது வெப்ப அதிர்ச்சியின் அடையாளம்: நிழலில் கிடத்தி, உடுப்பை நனைத்து, விசிறி, உடம்பைக் குளிராக்குங்கள். எருமை படுத்த மடுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் வாயில் வைக்க வேண்டாம்.

வழி தவறுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். ஏறும்போது எல்லா முகடுகளும் உச்சியில் வந்து கூடும். இறங்கும்போது அவையே பிரியும். உச்சிக்குக் கிட்ட நாலடி விலகினாலும் வேறு பள்ளத்தில் போய் நிற்பீர்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பி நின்று, வந்த வழியைப் படம் எடுங்கள். மாட்டுத் தடம் இன்னொரு பொறி. கீழே துப்புரவாக இருக்கும், ஆனால் நெஞ்சுக்கு மேலே கொப்புகள் மூடிக்கிடக்கும். அது தண்ணீருக்குப் போகுமே தவிர உச்சிக்குப் போகாது. மனிதர் போன வழியில் தோளுயரக் கொப்புகளில் கத்தி வெட்டுத் தெரியும். பக்கத்தில் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டிப்போவதுதான் எங்கள் முதல் யோசனை, கூலியில் கஞ்சத்தனம் பண்ண வேண்டாம். கட்டுத்துவக்கு (மிருகங்களுக்கு வைக்கும் பொறித் துவக்கு) எங்கே கட்டியிருக்கும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். போர் நடந்த காடு என்பதால் கிடக்கும் இரும்பு எதையும் தொடாதீர்கள்.

பாறை முகப்பில் பெருந்தேனீக் கூடு தொங்கினால் புகை, வாசனைத்தைலம், கூச்சல் மூன்றும் ஆகாது. கலைந்துவிட்டால் அடிக்காமல், முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள். கரடிக்கு இது எதிர்மாறு: பாறைக் குகைகளுக்குக் கிட்டப் போகும்போது கதைத்துக்கொண்டு போங்கள், திடுக்கிட்ட கரடிதான் பாயும். பாலைப்பழக் காலத்தில், அதாவது மே முதல் யூலை வரை, பாலை மரத்தடியில் இளைப்பாற வேண்டாம், பழம் தின்னக் கரடி வரும்.

மார்ச் நல்ல தெரிவு. மாரியில் மலைக்குப் போகும் கிரான் வீதியை வெள்ளம் மூடிவிடும். ஆனி, ஆடியில் கச்சான் என்னும் வறண்ட காற்று ஆளை உலர்த்திவிடும். போகுமுன் கிராம உத்தியோகத்தரிடமும் வனத் திணைக்களத்திடமும் அனுமதி பற்றிக் கேளுங்கள். திரும்பும் நேரத்தை வீட்டில் எழுதிக் கொடுத்து, மாலை 6 மணிக்குள் அழைப்பு வராவிட்டால் பொலிஸின் 119க்குச் சொல்லச் சொல்லுங்கள். அம்புலன்ஸ் இலக்கம் 1990. பள்ளத்துக்குள் சிக்னல் இராது, முகட்டுக்கு ஏறி எடுங்கள்.